நான்கு மூலைகளில் நான்கு எழுத்து: மரபுத்தொகுதியைப் படமாக வரைந்து பார்த்த பதிவு

டி.என்.ஏ.வுக்குள் ஃபிராக்டல், அதாவது பெரிதாக்கப் பெரிதாக்க அதே வடிவம் திரும்பத் திரும்ப வரும் உருவம், ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. கூடவே கண்ணைப் பறிக்கும் ஒரு படமும் இருக்கும். எந்த உயிரியின் வரிசை, எத்தனை எழுத்து, பிரகாசத்துக்கு என்ன அளவுகோல் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. சரி, நாமே வரைந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். மனதில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: படத்தில் தெரியும் ஃபிராக்டல் டி.என்.ஏ.வுடையதா, படம் வரையும் முறையுடையதா?

முறை எளிமையானது. 1990இல் ஜோயல் ஜெஃப்ரி ‘நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்’ இதழில் வெளியிட்டது. ஒரு சதுரம் வரையுங்கள். கீழ் இடது மூலைக்கு ஏ, மேல் இடதுக்கு சி, மேல் வலதுக்கு ஜி, கீழ் வலதுக்கு டி என்று பெயரிடுங்கள். அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் ஆகிய நான்கு காரங்களின் எழுத்துகள்தான் இவை. சதுரத்தின் நடுவில் புறப்பட்டு, வரிசையில் அடுத்து வரும் எழுத்தின் மூலையை நோக்கிப் பாதித் தூரம் நகர்ந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து அடுத்த எழுத்தின் மூலைக்குப் பாதித் தூரம், மீண்டும் ஒரு புள்ளி. வரிசை முடியும்வரை இதேதான். கணிதத்தில் இதைக் கேயாஸ் விளையாட்டு என்பார்கள். மூன்று மூலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டி ஆடினால் சியர்பின்ஸ்கி முக்கோணம் தானாக உருவாகும். நான்கு மூலைகளோடு சமவாய்ப்பில் ஆடினால் சதுரம் முழுக்க ஒரே சீராக நிரம்பும், வடிவம் எதுவும் வராது. ஆகவே டி.என்.ஏ.வை ஓடவிட்டு ஏதாவது வடிவம் தெரிந்தால், எழுத்துகள் சமவாய்ப்பில் வரவில்லை என்று பொருள்.

பரிசோதனைக்கு நான்கு வரிசைகளை எடுத்துக்கொண்டேன். மனித மைட்டோகாண்ட்ரியா (16,569 எழுத்து), குடல் பாக்டீரியாவான ஈ.கோலையின் கே-12 எம்.ஜி.1655 வகை (46,41,652), காசநோய்க் கிருமியின் எச்37ஆர்வி வகை (44,11,532), மனிதனின் 21ஆம் குரோமோசோம் (சுமார் 4.67 கோடி). எல்லாமே இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. இவை வரும் ஃபாஸ்டா என்ற வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான்: முதல் வரியில் பெயர், பிறகு எழுத்துகள். அந்த முதல் வரியை நீக்காமல் நிரலுக்குக் கொடுத்தால் பெயரில் உள்ள ஏ, சி, ஜி, டி எல்லாம் மரபணுவாகிவிடும்.

படம் வரைவதைவிடக் கோப்பைச் சுத்தம் செய்வதில்தான் சுவாரஸ்யம் அதிகம். 21ஆம் குரோமோசோமின் கோப்பைத் திறந்தால், முதல் ஐம்பது லட்சம் எழுத்துகளும் ‘என்’. வரிக்கு 50 எழுத்து வீதம் ஒரு லட்சம் வரிகளுக்கு மேல் வெறும் என், என், என். ‘இங்கே ஏதோ இருக்கிறது, என்னவென்று படிக்கவில்லை’ என்பதற்கான குறி அது. இந்த ‘என்’களை வெறுமனே நீக்கி இரு பக்கத்தையும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இயற்கையில் இல்லாத சொற்கள் (அடுத்தடுத்து வரும் சில எழுத்துகளின் தொடரைத்தான் சொல் என்கிறேன்) ஒட்டுப்போட்ட இடத்தில் முளைக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஆட்டத்தை முறித்துவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவிலோ கதை நேர் எதிர். ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பொதுவாக வைத்திருக்கும் அதன் வரிசையில் 3107ஆம் இடத்தில் ஒரே ஒரு ‘என்’ உட்கார்ந்திருக்கிறது. 1981இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக அந்த வரிசையைப் படித்தபோது அவ்விடத்தில் இரண்டு சி இருப்பதாகப் பதிவானது. 1999இல் மீண்டும் படித்துப் பார்த்தால் ஒரு சி மட்டுமே இருந்தது. ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இடங்களின் எண்ணும் ஒன்று குறைந்துவிடும்; அதற்குள் எத்தனையோ ஆய்வுகள் பழைய எண்களைப் பயன்படுத்திவிட்டன. ஆகவே காலி இடத்துக்கு ‘என்’ என்ற பொம்மையை வைத்து எண்களைக் காப்பாற்றினார்கள். இந்த ‘என்’னுக்குப் பின்னால் உண்மையில் எந்தக் காரமும் இல்லை, எனவே இங்கே நீக்கி ஒட்டுவதுதான் சரி. அதே குறி, இரண்டு கோப்புகளில் இரண்டு பொருள். நிரலில் இதை ஒரு விதியாக எழுத முடியவில்லை. கோப்புக்குக் கோப்பு முடிவு செய்துகொண்டேன். இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியா, ஈ.கோலை, காசநோய்க் கிருமி மூன்றின் டி.என்.ஏ.வும் வட்டமானவை. கோப்பின் கடைசி எழுத்துக்கு அடுத்தது முதல் எழுத்து. வாலையும் தலையையும் இணைத்துவிட வேண்டும்.

அடுத்து நிரல். பைத்தான் மொழி, எண் அணிகளைக் கையாள நம்பை, படத்துக்கு மேட்பிளாட்லிப், இவ்வளவுதான். ஜெஃப்ரி சொன்னபடி தசம எண்களில் பாதிப் பாதியாக நகர்த்தி எழுதலாம். ஆனால் சற்று யோசித்தால் அது வீண் வேலை என்று புரியும். கடைசி எழுத்து எதுவோ, புள்ளி அந்த மூலையின் கால் சதுரத்தில் விழுகிறது. அந்தக் கால் சதுரத்துக்குள் எந்தக் கால் என்பதை அதற்கு முந்தைய எழுத்து தீர்மானிக்கிறது. அதற்குள் எந்தக் கால் என்பதை அதற்கும் முந்தையது. அதாவது புள்ளியின் இருப்பிடமே அதுவரை வந்த எழுத்துகளின் வரலாறு, பின்னிருந்து முன்னாக எழுதியது. 512க்கு 512 பிக்சல் படம் என்றால் மொத்தம் 2,62,144 பிக்சல்கள். ஒன்பது எழுத்துகளால் எழுதக்கூடிய சொற்களும் மிகச் சரியாக அத்தனையே. ஒரு பிக்சல், ஒரு சொல். அந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்பதே அதன் பிரகாசம்.

ஆகவே ‘ஃபிராக்டல் படம்’ என்பது உண்மையில் சொற்களின் எண்ணிக்கை அட்டவணை; அடுக்கியிருக்கும் விதம்தான் புதிது. இது தெரிந்ததும் தசமம் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பிட்: இடமா வலமா, கீழா மேலா. ஒன்பது எழுத்துகளின் இட-வல பிட்களை, கடைசி எழுத்து முதலில் வருமாறு அடுக்கினால் பிக்சலின் நெடுவரிசை எண். கீழ்-மேல் பிட்களை அடுக்கினால் கிடைவரிசை எண். எழுத்து எழுத்தாகச் சுழல்நிரல் எழுதினால் குரோமோசோமுக்குக் காத்துக் கிடக்க நேரும். அதற்குப் பதிலாக, முழு வரிசையின் பிட் அணியை ஒன்பது முறை தள்ளித் தள்ளிக் கூட்டினால் நம்பை நொடிகளில் முடித்துவிடுகிறது. ‘என்’ பட்ட சொற்களையும் இதே தள்ளலில் களைந்துவிடலாம்.

சரிபார்க்க ஒரு சிறு வழி. நான்கு எழுத்துச் சொற்களுக்கான 16க்கு 16 கட்டத்தில் ‘சி-டி-ஏ-ஜி’யை மட்டும் கொடுங்கள். பின்னிருந்து ஜி, ஏ, டி, சி. இட-வலம்: 1, 0, 1, 0, அதாவது 10. கீழ்-மேல்: 1, 0, 0, 1, அதாவது 9. பத்தாம் நெடுவரிசை, ஒன்பதாம் கிடைவரிசையில் ஒரே ஒரு புள்ளி விழ வேண்டும், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கி. இன்னொரு சோதனை: வட்ட வரிசையில் எல்லாப் பிக்சல்களையும் கூட்டினால் வரிசையின் நீளம் துல்லியமாக வர வேண்டும். ஈ.கோலைக்கு 46,41,652, ஒன்றுகூடக் குறையக் கூடாது. படம் காட்டும் கருவிகள் பல, கிடைவரிசையை மேலிருந்து கீழாக எண்ணும் பழக்கம் உடையவை. அதைத் திருப்பாவிட்டால் ஜி கீழே போய்விடும். இணையத்தில் ஒரே வரிசைக்குத் தலைகீழான படங்கள் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்பது எழுத்துச் சொல் வேலைக்காகாது. 16 ஆயிரம் சொற்களை இரண்டரை லட்சம் பிக்சல்களில் தூவினால் தெரிவது புழுதிதான். ஐந்து எழுத்துக்கு இறங்கினேன்: 1,024 கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரி 16. உடனே ஒன்று தெரிந்தது, இடது பாதி அடர்த்தி, வலது பாதி வெளிறல். ஏயும் சியும் சேர்ந்து 62% இருக்க, ஜி மட்டும் 13% ஆகச் சுருங்கியிருக்கிறது. டி.என்.ஏ.வின் இரு இழைகளில் ஏவுக்கு எதிரே டி, சிக்கு எதிரே ஜி நிற்கும்; எதிர் இழையைப் படிக்கும் திசையும் தலைகீழ். பெரிய மரபுத்தொகுதிகளில் ஒற்றை இழையை எடுத்தாலும் ஏயும் டியும் ஏறக்குறைய சமம், சியும் ஜியும் ஏறக்குறைய சமம். சார்காஃபின் இரண்டாம் விதி என்பது இதுதான். மைட்டோகாண்ட்ரியாவின் இரு இழைகளோ கன இழை, இலேசான இழை என்று பெயர் வாங்கும் அளவுக்கு வேறுபட்டவை. அந்த விதி அங்கே செல்லாது என்பதைப் படம் ஒரு பார்வையில் காட்டிவிடுகிறது.

21ஆம் குரோமோசோமின் முதல் படம் கிட்டத்தட்டக் கறுப்பாக வந்தது. கீழ் மூலைகள் இரண்டில் மட்டும் ஒரு வெளிச்சப் பொட்டு. தொடர்ந்து ஒன்பது ஏ, தொடர்ந்து ஒன்பது டி ஆகிய சொற்கள் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டன. மனித மரபுத்தொகுதியில் பத்து லட்சத்துக்கு மேல் நகலெடுக்கப்பட்டுக் கிடக்கும் ஆலு என்ற தொடருக்கு ஏ-க்களாலான வால் உண்டு. இந்த வெளிச்சத்தில் அதற்கும் பங்குண்டு. பிரகாசத்தை மடக்கை அளவுக்கு மாற்றியதும் படம் எழுந்து நின்றது.

எழுந்து நின்றது என்றால், ஓட்டைகளோடு. மேல் விளிம்பில் நடுக்கோட்டை ஒட்டி வலப்பக்கம் 128க்கு 128 பிக்சல் அளவில் ஓர் இருண்ட சதுரம். அதன் முகவரி: நெடுவரிசை 256 முதல் 383, கிடைவரிசை 384 முதல் 511. முகவரியைப் படித்தால் கடைசி எழுத்து ஜி, அதற்கு முந்தையது சி. ‘சி-ஜி’ என்று முடியும் சொற்கள் எல்லாம் குடியிருக்க வேண்டிய இடம் அது. அதே ஓட்டை பாதி அளவில் நான்கு கால் சதுரங்களிலும் ஒவ்வொன்று, அதில் பாதியாகப் பதினாறு, இன்னும் பாதியாக அறுபத்து நான்கு. மனித வரிசைகளில் இந்த வடிவத்தைக் கண்ட ஜெஃப்ரி, ஐஸ்கிரீமை இரண்டு கரண்டி வழித்ததுபோல் இருப்பதாகப் பெயரிட்டார்.

ஓட்டை ஏன் என்பதற்கு உயிர்வேதியியலில் தெளிவான விடை இருக்கிறது. முதுகெலும்பிகளின் செல்கள் ‘சி-ஜி’ என்று வரும் இடங்களில் சி-யின்மேல் மெத்தில் குழு ஒன்றை ஏற்றுகின்றன. அப்படி ஏறிய சைட்டோசின் தன் அமினோ குழுவை இழந்தால் தைமினாகிவிடும். தைமின் டி.என்.ஏ.வில் சகஜமான எழுத்து என்பதால் பழுதுபார்க்கும் நொதிகள் அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. தலைமுறை தலைமுறையாக ‘சி-ஜி’ தேய்ந்து ‘டி-ஜி’ ஆகிறது. எதிர் இழையில் நடந்தால் ‘சி-ஏ’ ஆகிறது. மனித மரபுத்தொகுதியில் சியும் ஜியும் சேர்ந்து 41%. அந்தக் கணக்குப்படி ‘சி-ஜி’ 4.2% இருக்க வேண்டும். இருப்பதோ கிட்டத்தட்ட 1%. படத்திலும் ‘டி-ஜி’, ‘சி-ஏ’ சதுரங்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கலாம். ஓட்டையிலிருந்து வெளியேறியவை குடியேறிய இடங்கள் அவை.

இங்கேதான் என் கேள்விக்குப் பாதி விடை. குறைந்திருப்பது ஒரே ஒரு இரண்டெழுத்துச் சொல். அதன் அறுபத்து நான்கு நகல்களும் அடுத்தடுத்த பாதிகளும் எங்கிருந்து வந்தன? ‘சி-ஜி’ அரிது என்றால் ‘சி-ஜி-ஏ’யும் அரிது, ‘சி-ஜி-ஏ-டி’யும் அரிது. பாதிப் பாதியாக நகரும் விதி அந்த அரிதானவற்றை ஒவ்வோர் அளவிலும் ஒரே வடிவில் அடுக்கித் தருகிறது. தன்னைத்தானே ஒத்திருத்தல் விளையாட்டின் கொடை. டி.என்.ஏ. தந்தது ஒரு குறைபாடு மட்டும்.

இந்த வடிவத்துக்குப் பரிமாணம் என்ற எண்ணைக் கொடுக்க முயன்றபோது இன்னொரு முடிச்சு. வடிவம் சதுரத்தை எவ்வளவு நிரப்புகிறது என்பதன் அளவு அது; முழுக்க நிரப்பினால் 2. வழக்கமான வழி பெட்டி எண்ணுதல்: சதுரத்தைச் சிறு பெட்டிகளாக வெட்டி, பெட்டி சிறிதாகச் சிறிதாகப் புள்ளி உள்ள பெட்டிகள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று பார்ப்பது; மடக்கை வரைபடத்தில் அந்தக் கோட்டின் சரிவே பரிமாணம். ஒரு மூலை அறவே இல்லாவிட்டால் பரிமாணம் 1.585 வரும், சியர்பின்ஸ்கியின் எண். ‘சி-ஜி’ அறவே தடை என்றால் கணக்கு அழகானது: ஒவ்வோர் எழுத்து கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட சொற்கள் 4 மடங்காகப் பெருகாமல் 2+√3, அதாவது 3.732 மடங்காகப் பெருகும், பரிமாணம் 1.90. ஆனால் நிஜக் குரோமோசோமில் ‘சி-ஜி’ குறைவே தவிர இல்லாமல் இல்லை. நான்கு கோடி எழுத்துகளில் அந்த இருண்ட சதுரத்துக்குள்ளும் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. பெட்டி எண்ணுதலுக்கு ஒரு புள்ளியும் ஒன்றுதான், ஆயிரம் புள்ளிகளும் ஒன்றுதான். பெரிய பெட்டிகள் எல்லாம் நிரம்பிவிடுவதால் பரிமாணம் 2 என்கிறது. பெட்டியை மிகச் சிறிதாக்கினால் புள்ளிகள் தீர்ந்துபோய் சரிவு பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. ஈ.கோலைக்குப் பன்னிரண்டு எழுத்து அளவில் 1.68 கோடிப் பெட்டிகள், புள்ளிகளோ 46 லட்சம்தான். எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை கோடு பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து 1.9ஐயும் வாங்கலாம், 1.6ஐயும் வாங்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் குறைவு என்பது என் சந்தேகம்.

பெட்டிக்கு எத்தனை புள்ளி என்று எடை பார்க்கும் வழி இதைவிட மேல். சொற்களின் என்ட்ரோபியை, அதாவது அவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன என்ற அளவை, பிட்களில் கணக்கிட்டு, எழுத்து எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தகவல் பரிமாணம், உச்சம் 2. சொற்களின் வகை எண்ணிக்கையைவிட வரிசையின் நீளம் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரைதான் இதுவும் நம்பகம். ஈ.கோலைக்கு எட்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் எண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஓரெழுத்து அளவிலேயே மனித வரிசை 1.98, காசநோய்க் கிருமி 1.93. காரணம் பெரிய மர்மமல்ல: காசநோய்க் கிருமியில் சியும் ஜியும் சேர்ந்து 65.6%. படத்தின் மேல் பாதி கனத்து, கீழ்ப் பாதி மெலிந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் பரிமாணத்தை இழுக்கிறது. எழுத்துகளைக் குலுக்கிப் போட்டாலும் அதே 1.93தான் வரும். பரிமாணம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி இரு உயிரிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஜி-சி விழுக்காட்டைத்தான் வேறு உடையில் காட்டுகிறார்கள்.

ஆகவே அசலின் சில எண்ணிக்கைகளை மட்டும் காத்துக்கொண்டு, மற்றபடி தற்செயலாக உருவாக்கிய போலி வரிசைகளோடு ஒப்பிடுவதுதான் வழி. மூன்று வகைப் போலிகள் செய்தேன். எழுத்துகளை வெறுமனே குலுக்கியது முதல் வகை; ஓட்டைகள் மறைந்து, மூலைகளின் எடை மட்டும் மிஞ்சியது. இரண்டாவது, ஈரெழுத்துச் சொற்களின் எண்ணிக்கையை அப்படியே காத்துக்கொண்டு குலுக்குவது. இதற்கு ஆல்ட்ஷுலும் எரிக்சனும் 1985இல் கொடுத்த முறை ஒன்று உண்டு: நான்கு எழுத்துகளை நான்கு ஊர்களாகவும், ஈரெழுத்துச் சொற்களைச் சாலைகளாகவும் கொண்டு, ஒவ்வொரு சாலையையும் ஒரே முறை கடக்கும் வேறொரு பாதையைத் தேடுவது. மூன்றாவது, மூவெழுத்து எண்ணிக்கைகளிலிருந்து உருவாக்கிய மார்கோவ் சங்கிலி: முந்தைய இரண்டு எழுத்துகளை மட்டும் பார்த்து அடுத்த எழுத்தைக் குலுக்கித் தேர்வது.

மனிதக் குரோமோசோமின் ஈரெழுத்துப் போலியை அசலோடு பக்கத்தில் வைத்தபோது, முதல் பார்வைக்கு எது அசல் என்று சொல்வது கடினம். ஓட்டை, அதன் நகல்கள், பளிச்சிடும் ‘டி-ஜி’ எல்லாம் இருக்கின்றன. குறையாகத் தெரிந்தது கீழ் மூலைகளின் வெளிச்சம். அவ்வளவு நீண்ட ஏ-வரிசைகளை ஈரெழுத்துக் கணக்கால் உண்டாக்க முடியவில்லை. 1993இலேயே நிக் கோல்ட்மன் என்ற ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டார்: ஜெஃப்ரியின் படங்களில் தெரியும் வடிவங்களை ஈரெழுத்து, மூவெழுத்து விகிதங்களே ஏறக்குறைய விளக்கிவிடுகின்றன.

ஆனால் ஈ.கோலை அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. அதன் படத்தில் நெடுவரிசை 320 முதல் 351, கிடைவரிசை 288 முதல் 319 வரை 32 பிக்சல் அகலத்தில் ஒரு சிறு இருட்டு. நிரலைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட அதே ‘சி-டி-ஏ-ஜி’தான். நான்கெழுத்துச் சொல் ஒன்று சராசரியாகப் பதினெட்டாயிரம் முறையாவது வர வேண்டும். இது அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. ஈரெழுத்துப் போலியில் அந்த இருட்டே இல்லை. மூவெழுத்துப் போலியில் ‘சி-டி-ஏ’யும் ‘டி-ஏ-ஜி’யும் அரிது என்பதால் கொஞ்சம் மங்குகிறது, அசலின் ஆழம் வரவில்லை. இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்: மெத்தில் ஏறிய சைட்டோசின் தைமினானதைத் திருத்த ஈ.கோலையிடம் தனி நொதி உண்டு. அது சற்று அத்துமீறி, நியாயமாகவே டி இருக்கும் ‘சி-டி-ஏ-ஜி’ போன்ற இடங்களையும் திருத்திவிடுகிறது. மனிதனில் பழுது பார்க்காததால் ஓட்டை. இங்கே அளவுக்கு மீறிப் பழுது பார்த்ததால் ஓட்டை.

இந்தச் சொல்லைப் பற்றிச் சீன இயற்பியலாளர் ஹாவ் பைலினின் குழு 2000ஆம் ஆண்டுவாக்கில் நிறைய எழுதியது. ஈ.கோலையில் ஏழெழுத்து அளவில் ஒரே ஒரு சொல் மட்டும் வரவே இல்லை என்று அவர்கள் காட்டினார்கள்: ‘ஜி-சி-சி-டி-ஏ-ஜி-ஜி’. நடுவில் நம் நான்கெழுத்து. ஆனால் ‘வரவே இல்லை’ என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பில் இருப்பது ஒரு இழை மட்டும். எதிர் இழையில் இந்தச் சொல் இருந்தால், கோப்பில் அது ‘சி-சி-டி-ஏ-ஜி-ஜி-சி’ என்று தெரியும். இல்லாத சொல் ஒன்றுதான் என்றால் இந்தப் பின்னது இருக்கிறது என்றாகிறது. ஆகவே இரு இழைகளையும் எண்ணினால் அந்தச் சொல் ‘இல்லாதது’ பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ‘சி-டி-ஏ-ஜி’க்கு இந்தச் சிக்கல் இல்லை, எதிர் இழையில் படித்தாலும் அது அதேதான்.

இப்போது நான் வரைவது வேறு வகைப் படம். ஒவ்வொரு நான்கெழுத்துச் சொல்லுக்கும், அதன் முதல் மூன்றின் எண்ணிக்கையைக் கடைசி மூன்றின் எண்ணிக்கையால் பெருக்கி, நடு இரண்டின் எண்ணிக்கையால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய அளவு கிடைக்கும். அசலை அதனால் வகுத்து, அந்த விகிதத்தையே நிறமாக வைக்கிறேன். ஒன்று என்றால் சாம்பல். 256 கட்டங்கள்தான். ‘சி-ஜி’யின் நகல்கள் எல்லாம் சாம்பலில் கரைந்துவிடுகின்றன, ஏனென்றால் அவை அரிதாக இருப்பதை அவற்றின் உட்சொற்களே கணக்குத் தீர்த்துவிட்டன. ஈ.கோலையில் பத்தாம் நெடுவரிசை, ஒன்பதாம் கிடைவரிசைக் கட்டம் மட்டும் கறுத்து நிற்கிறது. காணொளியில் போடும் அளவுக்கு அழகான படம் அல்ல. காசநோய்க் கிருமிக்கும் இதையே ஓட்டி, மரபுத்தொகுதியை இருபதாயிரம் எழுத்துத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டின் கட்டங்கள் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். துண்டு அவ்வளவு சிறிதாகும்போது நான்கெழுத்துக்கு மேல் போவதில் பயனில்லை. கட்டத்துக்கு எழுபத்தெட்டு சொற்கள்தான் கிடைக்கின்றன.